கல்லும் கயிறும் காணியும்

1814-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதில் ஒரு விதி நம் கருத்தைக் கவர்வது. கொச்சியையும் அதனைச் சார்ந்த மலையாளக் கரை இடங்களையும் டச்சுக்காரர் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தனர்; அதற்கு ஈடாகச் சுமத்திரா தீவை அடுத்துள்ள பங்கா என்னும் தீவை ஆங்கிலேயர் டச்சுக்காரருக்குக் கொடுத்தனர். பங்கா வெள்ளீயம் விளையும் தீவு. கொச்சி மிளகு ஏற்றுமதியாகும் துறைமுகம். சந்தையில் மாட்டுக்கு மாடு மாற்றிக்கொள்வதுபோல ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டனர். கொச்சியில் குடியிருந்தவரையும் கேட்கவில்லை. பங்காவில் குடியிருந்தவரையும் கேட்கவில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உடைமை. ஓர் இடம் யாருடையது, அதை யார் எவ்வாறு தமதென்று சொல்லிக்கொள்ளுகின்றனர் என்பதே கேள்வி. பிறந்த ஊரை விட்டுப் பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நமக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று. இங்கே வாடகைக்கு இருக்கும் வீடு மற்றொன்று. இரண்டிலும் பாதி உரிமையோடுதான் நாம் வாழ்கிறோம். ஆகவே, மேலே சொன்ன இரு கரைகளிலிருந்தும் ஒவ்வோர் ஊரை எடுத்து நோக்குவோம். ஒன்று, மட்டாஞ்சேரிக்கு மேற்கே கோட்டைக் கொச்சியில் தமிழ் வண்ணார் துணி வெளுக்கும் துறை. மற்றொன்று, போர்னியோத் தீவின் உள்நாட்டில் ஓர் ஆற்றோரச் சிற்றூர்.

மட்டாஞ்சேரியின் கடைத்தெரு வழியே நடப்பவர்க்கு, இங்கே குடியேறாதவர் யார் என்றே கேட்கத் தோன்றும். குஜராத்தி வணிகர், கச்சி மேமன்கள், கோவாவிலிருந்து வந்த கொங்கணியர், தமிழர், யூதர் எனப் பலரும் இக்காயலோரத்தில் பண்டகசாலை கட்டினர். கோயிலும் பள்ளியும் எழுப்பினர். போர்ச்சுக்கீசியருக்கு அஞ்சி வந்த யூதருக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனைப் பக்கத்திலேயே இடங்கொடுத்தார். அங்கே 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர், 1950-களில் தொடங்கி யூதர் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டனர். அவர்கள் வாழ்ந்த வீடுகளில் இப்போது பழம்பொருள் கடைகள் நடக்கின்றன. தெருவின் பெயர் மட்டும் மாறவில்லை. பட்டயம் பெற்றவர் கதை இத்துணையே. அதைச் சொல்லப் பலர் உளர். நாம் பட்டயம் இல்லாதவரிடம் செல்வோம்.

கோட்டைக் கொச்சியில் 'வெளி' என்றொரு பகுதி உண்டு. பெயரின் பொருளைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பழைய நாளில் அங்கே திறந்த வெளியும் குளங்களும் இருந்தன. டச்சுக்காரர் 1663 ஜனவரியில் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றி, 1795 வரை, அதாவது 132 ஆண்டுகள் ஆண்டனர். கொச்சிக் கோட்டையின் தலைவர் கணக்குச் சொல்ல வேண்டிய தலைமையிடம், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரம். அக்காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வண்ணார் குடும்பங்களை டச்சுக்காரர் அழைத்து வந்தனர் என்பது அம்மக்களிடையே வழங்கும் வரலாறு. வந்தவர் மீளவில்லை. டச்சுக்காரர் போயினர், ஆங்கிலேயர் வந்தனர், அவர்களும் போயினர். யார் உடுத்தாலும் துணி அழுக்காகத்தானே செய்யும்? ஆட்சி மாறினும் தொழில் மாறவில்லை. தலைமுறைகள் பல கடந்தும் வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தமிழே.

முன்னர்க் குளங்களில் வெளுத்து வந்தவர்களுக்கு, 1976-ஆம் ஆண்டளவில் கொச்சி வளர்ச்சிக் குழுமம் ஒரு கட்டடம் எழுப்பித் தந்தது. 'தோபிக்கானா' என்று ஊரார் அழைப்பது அதைத்தான். ஏறத்தாழ 40 தடுப்பறைகள். ஒவ்வொன்றிலும் நீர்த் தொட்டி ஒன்று, துவைகல் ஒன்று. விடியுமுன்பே அங்கே ஓசை எழுந்துவிடும். துணியைச் சுருட்டித் தலைக்கு மேலே உயர்த்திக் கல்லில் அறையும்போது, மூச்சையும் கையையும் ஒன்றாக இயக்கும் ஒரு தாளம் உண்டு. தாளம் தவறினால் தோள் நோகும், துணி கிழியும். வெளுத்த பின் கஞ்சி, வெண்துணியாயின் நீலம். பின்னர் உலர்த்துதல்.

உலர்த்தும் முறையைத் தனியே சொல்ல வேண்டும். கம்பங்களுக்கிடையே கட்டிய கயிறுகளில் கவ்வி ஒன்றும் இல்லை. இரண்டு புரிகளை முறுக்கிக் கட்டியிருக்கின்றனர். முறுக்கை விரலால் சற்றே நெகிழ்த்தி, துணியின் முனையை உள்ளே செருகிவிட்டால், கடற்காற்று எவ்வளவு வீசினும் துணி பறவாது. இறக்கும்போது ஒரு சுண்டல். துணி கைக்கு வந்துவிடும். கொச்சியில் ஆனி, ஆடி மழையைக் கண்டவர்கள், வெயில் அடிக்கும் இரண்டு நாழிகைக்குள் நூற்றுக்கணக்கான துணிகளை ஏற்றி இறக்குவது எத்தகைய திறன் என்பதை உணர்வர். பிறகு தேய்ப்பு. சிரட்டைக் கரி இட்ட கனத்த பெட்டியே நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது; அப்பெட்டியின் கனமே பாதி வேலையைச் செய்துவிடும் என்பர்.

ஆயினும், வண்ணாரின் பெருந்திறன் கல்லிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. நூறு வீட்டுத் துணிகளும், விடுதிகளின் விரிப்புகளும், மருத்துவமனைத் துணிகளும் ஒரே தொட்டியில் நனைகின்றன. மாலையில் ஒவ்வொன்றும் உரியவரிடம் போய்ச் சேருகிறது. இதற்கு உதவுவது குறி. சேங்கொட்டைப் பாலால் துணியின் ஓரத்தில் இடும் சிறு கோடும் புள்ளியும் எத்தனை முறை வெளுத்தாலும் அழியாது. நம் நாட்டில் துப்பறிவோர் கூட வண்ணான் குறியைக் கொண்டு குற்றவாளியைத் தேடியதுண்டு. எழுத்தறியாத முன்னோர் எழுதிய உடைமைப் பதிவேடு அது. எது எவருடையது என்பதை ஒருநாளும் பிழையாமல் அறிந்தவர்கள் இவர்கள். இவர்களுடையது எது என்று கேட்டால் மட்டும் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

இன்ன கல் இன்னார் குடும்பத்துக்கு உரியது என்பது துறையில் உள்ள எல்லார்க்கும் தெரியும். தந்தை நின்ற கல்லில் மகன் நிற்கிறான். கல்லடியில் உள்ள மண்ணோ பொது நிறுவனத்தைச் சார்ந்த மண். பயன்படுத்தும் உரிமை வேறு, நிலத்தின் உரிமை வேறு என்று சட்டம் பிரித்துப் பேசும். தமிழகச் சிற்றூரில் இவர்களின் முன்னோர் இருந்த நிலை இன்னொரு வகை. அங்கே வண்ணார்க்கும் தச்சர்க்கும் நாவிதர்க்கும் அறுவடைக் களத்தில் நெல்லில் ஒரு பங்கு உண்டு. அப்பங்குக்குப் பழந்தமிழ் வழக்கில் 'சுதந்திரம்' என்று பெயர். பின்னாளில் நாட்டு விடுதலைக்கு நாம் வழங்கிய சொல், முன்னாளில் களத்து மேட்டில் முறத்தால் அளந்து கொடுத்த நெல்லைக் குறித்தது! அந்நெல் போதியதாக இருந்ததென்றோ, மதிப்போடு கொடுக்கப்பட்டதென்றோ நாம் சொல்ல வரவில்லை. பல ஊர்களில் அது இழிவோடு வந்த நெல்லே. ஆனால், தலைமுறை தலைமுறையாக வரும் பங்கு அது. கப்பல் துறைக்கு வந்தவர் அதை விட்டுக் கூலிக்கு மாறினர். இழிவும் குறைந்தது, பங்கும் போயிற்று.

இன்னொரு செய்தி, வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு வியப்பளிக்கக்கூடும். கோட்டைக் கொச்சி ஆங்கிலேயர் காலத்தில் கொச்சி அரசரின் நாட்டைச் சேர்ந்ததன்று. அது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டு. பக்கத்திலேயே உள்ள மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் ஊர். ஆகவே, 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமையும் வரை வெளியின் வண்ணார் சென்னை அரசின் குடிகளாகவே இருந்தனர். ஓரடியும் நகராமலே அன்று அவர்கள் வேற்று மாநிலத்தவர் ஆயினர். நாம் எல்லையைக் கடந்து வந்தோம்; அவர்களை எல்லை கடந்து சென்றது. 1967 நவம்பரில் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் ஒரே மாநகராட்சியாயின.

சட்டம் இத்தகைய மக்களை முற்றும் மறந்துவிட்டது என்று சொல்வது முறையாகாது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, 1970 ஜனவரி முதல், பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர்க்குக் 'குடிகிடப்பு' உரிமை உறுதியாயிற்று. குடியிருக்கும் இடத்தையே குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்: ஊராட்சிப் பகுதியாயின் 10 சென்ட், சிறு நகராட்சியாயின் 5 சென்ட், மாநகரிலும் பெரிய நகராட்சியிலும் 3 சென்ட். பல்லாயிரவர் அதனால் நிலமுடையோர் ஆயினர். இந்திய மாநிலங்களில் ஏழைக்கு வீட்டுமனை தந்த சட்டங்களுள் இதற்கு ஈடு சொல்வது அரிது என்பது நம் கருத்து. எனினும் அதற்கு அளவு உண்டு. அது குடியிருப்புக்கு உரிமை தருவது. தொழில் செய்யும் துறைக்கு அன்று. தனியார் நிலத்துக் குடிசைக்குப் பொருந்துவது. அரசு நிலத்துக்கு அன்று. ஒருவன் உறங்கும் இடத்தைச் சட்டம் காத்தது, உழைக்கும் இடத்தைத் தொடவில்லை.

உழைக்கும் இடத்துக்குப் பழைய சட்டம் ஒன்றைத்தான் நாட வேண்டும். 1882-ஆம் ஆண்டின் பாத்தியதைச் சட்டம் சென்னை மாகாணத்தில் தொடக்க முதலே நடப்பில் இருந்தது. பிறர் நிலத்தின் வழியையோ நீரையோ வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையாகவும் 20 ஆண்டுகள் பயன்படுத்தினால் பாத்தியதை உண்டாகும். அரசு நிலமாயின் 30 ஆண்டுகள் வேண்டும். ஊர் வழக்கால் வரும் உரிமையையும் அச்சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆயின், வழக்கை நிறுவச் சான்று வேண்டும். ஈரக் கல்லில் தேய்ந்த பள்ளம் நமக்குச் சான்றாகத் தோன்றும். வழக்குமன்றம் கேட்பது தாள்.

இனி மற்றக் கரைக்குச் செல்வோம். இந்தோனேசியாவின் மிக நீண்ட ஆறு காப்புவாசு. போர்னியோத் தீவில், மேற்குக் கலிமந்தானின் உள்மலைகளில் தோன்றி, ஏறத்தாழ 1,143 கிலோமீட்டர் ஓடிப் பொந்தியானாக் நகருக்கருகே கடலில் கலப்பது. அதன் மேற்பகுதியிலுள்ள காப்புவாசு உலு மாவட்டத்தில் சுங்கை உத்திக் என்னும் சிற்றூர் உள்ளது. சுங்கை என்றால் ஆறு என்று பொருள். மலேயாவில் உறவினர் உடைய நேயர்க்கு இச்சொல் புதிதன்று. அவ்வூரார் தயாக்கு மக்களுள் ஈபான் என்னும் பிரிவினர். ஊர் என்பது அங்கே ஒரே ஒரு நெடுவீடு. கால்கள் மேல் நிறுத்திய மரவீடு. முன்புறம் எல்லார்க்கும் பொதுவான நீண்ட திண்ணை. பின்புறம் குடும்பத்துக்கு ஓர் அறை. ஓர் ஊரின் அளவைச் சொல்ல 'இத்தனை கதவு' என்பார்கள். நம் அக்கிரகாரத்தையும் வரிசைத் தெருக்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தால் எப்படியோ அப்படி.

அங்கே பட்டா இல்லை. உடைமையோ நுட்பமாக வகுக்கப்பட்டுள்ளது. முதுகாட்டை முதன்முதல் திருத்தி நெல் விதைத்தவர் எவரோ, அவர்க்கே அந்நிலத்தில் மீண்டும் பயிரிடும் உரிமை. அறுவடைக்குப் பின் அதைப் பல ஆண்டுகள் காடாக விட்டுவிடுவர். காடு மூடிக் கிடப்பதால் உரிமை போய்விடாது. பிறர் உழ வேண்டின் கேட்டுத்தான் உழ வேண்டும். பழைய நெடுவீடு நின்ற இடத்தில் வளர்ந்த தூரியான் முதலிய பழமரத் தோப்புகள், மரம் வைத்தவரின் வழித்தோன்றல்கள் அனைவர்க்கும் பொது. விற்பதற்கும் வாங்குவதற்கும் எளிதில் இயலாத சொத்து. பங்கிட முடியாமையினாலேயே உறவு அறுந்துபோகாமல் காக்கும் சொத்து. சீன நாட்டிலிருந்து பண்டு வந்த பெரிய சாடிகள் அவர்களின் நகைப்பெட்டி. குற்றத்துக்குத் தண்டமும் சாடிக் கணக்கில் விதித்ததுண்டு. குடும்ப அறையின் உரிமையில் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடு இல்லை. இருவருள் ஒருவர் மணந்தபின்னும் அங்கேயே தங்குவர், அவர்க்கே அறை. நம் நாட்டில் மகளிர்க்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு தர, தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டும், நாடு முழுமைக்கும் 2005-ஆம் ஆண்டும் சட்டம் திருத்த வேண்டியிருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அதே மாவட்டத்தில் தானாவு செந்தாரும் என்னும் ஏரிக்கூட்டம் உண்டு. அவ்வெள்ளக்காட்டில் மீன்பிடித்து வாழும் மலாய் மக்கள், காட்டுத் தேனீக்கள் வந்து கூடு கட்டுவதற்கென்று மரக்கிளைகளுக்கிடையே பலகைகளைப் பொருத்தி வைப்பர். 'திக்குங்' என்பது அப்பலகையின் பெயர். காடு பொது, தேனீ யாருக்கும் உரியதன்று. பலகையில் மட்டும் உரியவரின் குறி வெட்டியிருக்கும். அக்குறி கண்ட பலகையில் பிறர் கைவைப்பதில்லை. கொச்சியின் சேங்கொட்டைக் குறியைக் கண்டவர் அதைக் கண்டால் உடனே பொருள் உணர்வர்.

அங்கும் தாள் கேட்க ஒருவர் வந்தார், அவரும் டச்சுக்காரரே. 1870-இல் அவர்கள் ஜாவாவில் ஓர் ஆணை பிறப்பித்தனர். தம் சொத்தென்று எவரும் நிறுவாத நிலமெல்லாம் அரசின் நிலம் என்பது அதன் சாரம். இக்கொள்கை பின்னர்ப் பிற தீவுகளுக்கும் பரவிற்று. விடுதலைக்குப் பின், 1960-இல் இயற்றிய நிலச் சட்டத்தில் இந்தோனேசிய அரசு அவ்வாணையை நீக்கி, மரபு வழக்கை நிலச்சட்டத்தின் அடிப்படையாக ஏற்றது. ஆயினும் காட்டைப் பொறுத்த மட்டில் பழைய எண்ணம் போகவில்லை. மரபுச் சமூகத்தின் காடும் அரசின் காடே என்று 1999-ஆம் ஆண்டின் வனச் சட்டம் கூறியது. மரம் வெட்டும் நிறுவனங்களும் செம்பனைத் தோட்டங்களும் அவ்வழியே நுழைந்தன. 2013 மே மாதத்தில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், மரபுக் காடு அரசுக் காடு அன்று என்று தீர்ப்பளித்தது.

சுங்கை உத்திக் மக்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. மரம் வெட்ட வந்தோரைப் பலமுறை திருப்பி அனுப்பினர். தங்கள் எல்லையைத் தாங்களே அளந்து வரைபடம் ஆக்கினர். எந்தக் காட்டில் வெட்டலாம், எதில் வெட்டலாகாது என்ற பழைய வாய்மொழி விதிகள் அப்படத்தில் இடம்பெற்றன. 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 'பூமத்தியரேகைப் பரிசு' அவ்வூருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 2020-இல், ஏறத்தாழ 9,480 எக்டேர் காட்டை அவர்களின் மரபுக் காடாக அரசு ஏற்றது. ஒரு நெடுவீட்டு மக்கள் பெற்ற இவ்வுரிமை சிறிதன்று. தாள் கேட்டவனுக்கு அவர்கள் தாளையே காட்டினர் என்பதுதான் இதில் நுட்பம்.

வெளியின் துறைக்கும் இக்காட்டுக்கும் அளவில் ஒப்புமை இல்லை. ஆயினும், கோட்டைக் கொச்சியில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. வெளிநாட்டார் தங்கும் இல்லங்கள் பெருகின. 2012 முதல் நடைபெறும் கலைவிழாவுக்கு உலகெங்கிருந்தும் மக்கள் வருகின்றனர். வண்ணார் உலர்த்தும் கயிற்றையும் அவர்கள் படம் பிடித்துச் செல்கின்றனர். படம் பிடிக்கத் தக்கதாயிற்று என்பது ஒரு காவல்தான். உறுதியான காவல் என்று நாம் நம்ப மாட்டோம். இதனினும் பெரிய இடர் வெளியிலிருந்து வருவதன்று. துவைக்கும் இயந்திரம் வீடுதோறும் வந்துவிட்டது. இளைஞர் படித்து வேறு தொழில் நாடுகின்றனர். அவர்கள் போவது நன்றே. கல்லில் குனிந்து முதுகு தேய வேண்டும் என்று அவர்களுக்கு அறிவுரை கூற நமக்கு என்ன உரிமை உண்டு? ஆனால், கற்கள் பல காலியாகிவிடின், எஞ்சிய சிலருக்காகத் துறை எதற்கு என்ற கேள்வி எழும். அப்போது அங்கே நிற்பவர் முதியவராகவே இருப்பர்.

சென்றவரின் உரிமை என்ன ஆகும்? ஈபான் மக்களின் பழைய வழக்கு இதற்கு விடை வைத்திருந்தது. நெடுவீட்டை விட்டு வேறு ஆற்றுக்குக் குடிபோன குடும்பம் தன் நிலத்தைக் கையோடு கொண்டுபோக முடியாது. உழவுரிமை அங்கேயே தங்கியவரிடம் சேரும், பெயருக்கு ஒரு சிறு பொருள் கைமாறும். உரிமை என்பது அங்கே இருப்பதையும் உழைப்பதையும் பொறுத்தது. நம் சட்டம் அவ்வளவு கடுமையானதன்று, அவ்வளவு எளிமையானதும் அன்று. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, பிறர் ஒருவர் நம் நிலத்தை நமக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் கைக்கொண்டிருந்தால், மீட்கும் வழக்கு நமக்கு இல்லாமற் போகக்கூடும். பங்காளி விஷயம் வேறு. பிரியாத சொத்தில் அண்ணன் குடியிருப்பதனால் மட்டும் தம்பியின் பங்கு அழிந்துவிடாது. தம்பியின் உரிமையை மறுத்து, அம்மறுப்பு அவனுக்குத் தெரிந்த நாள் முதலே காலம் எண்ணப்படும்.

எனவே, ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் செல்வோர், திருவிழாவும் திருமணமும் முடிந்தபின் ஒரு காலைப் பொழுதைக் கிராம அலுவலர்க்கென்று ஒதுக்குவது நல்லது. பட்டாவில் பாட்டனார் பெயரே இன்னும் இருக்கக்கூடும். மாற்ற வேண்டின் வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் வேண்டும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இப்போது இருந்த இடத்திலிருந்தே கணினி வழியாகப் பார்க்கலாம். வீட்டுவரி இரசீது மட்டும் பெரும்பாலும் ஊரில் உள்ளவர் கையில் இருக்கும். அண்ணன்மாரிடம் அதைக் கேட்பதற்குச் சிலர் கூச்சப்படுவதுண்டு. 'ஏன், என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று அவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். வரியில் தம் பங்கை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு இரசீதின் நகலைக் கேட்பவர்க்கு அத்தொல்லை வருவதில்லை.